வாசகர் கேள்வி-பதில்: ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ்

கேள்வி: மெக்சிகோ வாடிக்கையாளர்களுடன் பேசும் வேலையில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷில் சொன்னால் அவர்கள் சில சமயம் திகைக்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?
- வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: 'ஐ ஆம்' என்பதை எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி மாற்றுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வயது, பசி, தாகம், குளிர் ஆகியவற்றுக்கு ஸ்பானிஷில் 'தெங்கோ', அதாவது 'என்னிடம் இருக்கிறது', என்றே சொல்ல வேண்டும். புழுக்கம் தாங்காதபோது 'தெங்கோ கலோர்' என்று சொல்லாமல் 'எஸ்தோய் காலியெந்தே' என்றால், பாலுணர்வு சார்ந்த பொருள் வந்துவிடும். 'எக்ஸைட்டட்' என்பதை 'எக்ஸிதாதா' ஆக்கினாலும் இதே சிக்கல்தான். பெண்கள் 'எமோசியொனாதா' என்று சொல்வதே சரி. சங்கடத்தைக் குறிக்கும் 'எம்பரஸ்ட்' என்பதை 'எம்பரசாதா' ஆக்கினாலோ, கர்ப்பிணி என்று பொருளாகிவிடும்.

நம்மவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு, அதைப் பலரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியம், 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற நம் வாக்கியத்தைப் போலவே 'எனக்கு' என்று தொடங்குகிறது. இங்கே ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலிருந்து நேரே செல்லுங்கள். 'து', 'உஸ்தெத்' இரண்டும் நம் 'நீ', 'நீங்கள்' போன்றவை. வாடிக்கையாளரிடம் 'உஸ்தெத்' என்றே தொடங்குங்கள். மின்னஞ்சலை முடிக்க, 'உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்ற பொருளில் 'கேதோ ஆ லா எஸ்பேரா தே சு ரெஸ்புவெஸ்தா' என்று எழுதலாம்.