அழித்து எழுதாத பேரேடு

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் போன வாரம் ஒரு விவாதம். சில நாடுகள் பணக்கார நாடுகளாகவும் சில நாடுகள் ஏழை நாடுகளாகவும் இருப்பது ஏன் என்று பேச்சு வந்தது. சட்டம், நீதிமன்றம், தேர்தல், வங்கி போன்ற அமைப்புகள்தான் காரணம் என்றேன். நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் வெறும் காகிதம். வெயில் நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள். சவுக்கோடு ஓர் ஆள் வந்தால் எல்லாம் சரியாகும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குப் பதில் சொல்ல நான் என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மடியில் இருந்ததும் காகிதம்தான். அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் பாதி எழுதிய பேரேடு ஒன்று கிடைத்தது. இரண்டு நாளாக அதைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். விவாதத்தில் தோற்றவன் அடுத்த சண்டைக்குக் கல் பொறுக்குவதுபோல் புத்தகம் தேடுவது எனக்குப் பிடிக்காது. அப்படிப் படிக்கிற ஆள் தனக்கு வேண்டிய வரியை மட்டும் கிழித்துக்கொண்டு போவான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

வெயிலை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 1945இல் கொரியாவை 38ஆவது இணைகோட்டில் பிரித்தார்கள். ஒரே மொழி, ஒரே மக்கள், ஏறக்குறைய ஒரே குளிர். இரவில் தெற்கு ஒளிர, வடகொரியா இருண்டு கிடக்கும் செயற்கைக்கோள் படத்தை எல்லோரும் காட்டியாயிற்று. நான் வேறொன்று சொல்கிறேன். பிரித்த நாளில் கனரகத் தொழிற்சாலைகளும் பெரிய நீர்மின் நிலையங்களும் இருந்தது வடக்கில்தான். 1948 மே மாதம் வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தது, தெற்கு இருட்டில் மூழ்கியது. அன்றைக்கு உங்கள் நண்பர் அங்கே இருந்திருந்தால் தெற்கத்தியர்களைத்தான் சோம்பேறிகள் என்றிருப்பார்.

சவுக்கு ஆசாமிக்கு அதைவிடக் குறைவாகவே இடம் தருவேன். சிங்கப்பூரின் லீ குவான் யூவை உதாரணம் காட்டுவார்கள். அவர் பிரதமரானது 1959இல். ஊழல் புலனாய்வுக்கென்று தனி அமைப்பு அதற்கு ஏழு வருடம் முன்பே அங்கே இருந்தது. அவர் அதற்குப் பல் வைத்தார். 1986இல் அவருடைய அமைச்சர் ஒருவரையே அது விசாரித்தது. காங்கோவை ஆண்ட மொபுட்டு கையிலும் சவுக்கு இருந்தது, முப்பத்திரண்டு வருடம். அவரை விசாரிக்கத்தான் யாரும் இல்லை. சொந்தக் கிராமத்தில் கான்கார்டு விமானம் இறங்குகிற அளவுக்கு ஓடுபாதை போட்டுக்கொண்டார். போதும்.

பேரேட்டுக்கு வருகிறேன்.

அப்பா ஒரு சிறிய சிக்கனச் சேமிப்புச் சங்கத்தில் கணக்கர். நீலத் துணி அட்டை, ஓரத்தில் பழுப்பேறிய தாள், நெளிநெளியான அவர் எழுத்து. பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் அடித்தல். தவறான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு; அடியில் என்ன இருந்தது என்று இன்றும் படிக்கலாம். பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் நல்லெண்ணத்தில் ரப்பரை எடுத்துக்கொண்டு உதவப் போனேன். அப்பா என்னை அடித்த இரண்டு சந்தர்ப்பங்களில் அது ஒன்று. "தப்பு பண்ணலாம்டா, தப்பை மறைக்கக் கூடாது" என்றார். எனக்குப் புரியவில்லை, கன்னம் எரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு வருடம், சங்கத் தலைவர் தன் உறவினரின் கடன் தேதியை ஆறு மாதம் முன்னால் போடச் சொன்னார். அப்பா மறுத்தார். தலைவர் கோபப்படவில்லை, அவருக்கு அந்த அவசியமே இல்லை. புதுப் பேரேடு ஒன்று வாங்கினார், வேறோர் ஆளை வைத்து முதலிலிருந்து எழுத வைத்தார். அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அதில் ஓர் அடித்தல்கூட இல்லையாம், அச்சடித்ததுபோல் இருந்ததாம். அப்பா பழையதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதுதான் என் மடியில் இருப்பது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்கள் நண்பர் கேட்க வேண்டும். சங்கத்தில் ஒரு தையல்காரர் உறுப்பினர். இரண்டாவது மிஷின் வாங்கி ஓர் ஆளையும் வேலைக்கு வைக்க மாதாமாதம் பணம் போட்டுவந்தார். ஒருநாள் இரவு எங்கள் வீட்டுக்கு வந்து, "பணத்தை விட்டுவைக்கலாமா?" என்று கேட்டார். அப்பா பதிலே சொல்லவில்லை. விளக்குத் திரியைச் சும்மா தூண்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் மறுநாள் பணத்தை எடுத்து ஒரு தகரப் பெட்டியில் பூட்டிவிட்டார். ஒவ்வொருவராக எல்லோரும் எடுத்தார்கள். மிஷின் வரவில்லை, வேலைக்கு வந்திருக்க வேண்டியவன் வரவில்லை. மத்தியானங்களில் அவர் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிற எவனும் சோம்பேறி என்றுதான் சொல்லியிருப்பான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த மனிதர் கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு எவனோ அழித்து எழுதப் போகிறான் என்றால், இன்றைக்கு உழைத்து அதைப் பேரேட்டில் ஏற்றுவானேன்? ஒரு தெருவில் நடந்தால் அது ஒரு சங்கத்தின் கதை. நாடு முழுக்க, தலைமுறை தலைமுறையாக நடந்தால் அதற்குப் பெயர் வறுமை. அதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

ராஜாக்களும் தலைவர்களைப் போலத்தான். 1672இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ், பொற்கொல்ல வங்கியர்களிடம் வாங்கிய கடனுக்கான தவணையை ஒரே ஆணையில் நிறுத்தினார். அவர்களிடம் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராஜாமீது எங்கே போய்ப் புகார் சொல்வது? 1688 புரட்சிக்குப் பிறகு பாராளுமன்றம் மன்னரின் கையைக் கட்டியது. வரியும் கடனும் அதன் சம்மதத்தோடுதான். 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கியபோது, அரசுக்கு எட்டு சதவீத வட்டியில் 12 லட்சம் பவுண்டு கடன் கொடுக்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். கையை அவிழ்த்துவிட்ட ராஜாவை நம்பாதவர்கள் கையைக் கட்டிய ராஜாவை நம்பினார்கள். (அதே இங்கிலாந்து காலனிகளில் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அங்கே அழிக்கிற ரப்பர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.)

சரி, இயற்கை வளம் இருந்தால் தப்பித்துவிடலாமா? 1968ஐப் பாருங்கள். ஜனவரியில் பசிபிக் தீவான நவுரு விடுதலை பெற்றது, மார்ச்சில் மொரீஷியஸ். நவுரு 21 சதுர கிலோமீட்டர், முழுக்க உரத்துக்கான பாஸ்பேட். அதுவரை வெளிநாட்டார் அள்ளிக்கொண்டு போனார்கள். 1970இல் சுரங்கம் அவர்கள் கைக்கே வந்தது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் உலகின் பெரும் பணக்காரர்களில் சேர்ந்துவிட்டார்கள். பணத்தைப் போட்டுவைக்க ஓர் அறக்கட்டளையும் இருந்தது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் மக்கள் முன்னால் அந்தக் கணக்கைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. பணம் போனது மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகம். நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது, கட்டடம் 2004இல் கைமாறியது. மறு வருடம் கடைசியாக இருந்த ஒற்றை விமானத்தையும் கடன்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மொரீஷியஸிடம் கரும்பு மட்டும்தான். பின்னாளில் நோபல் வாங்கிய ஜேம்ஸ் மீட் 1961இல் அந்தத் தீவைப் பற்றி எழுதியபோது உதட்டைப் பிதுக்கினார். ஜனத்தொகை ஏறுகிறது, ஒரே பயிர், இனங்களுக்குள் பகை. விடுதலைக்கு முன்பே கலவரம். அவர்கள் கரும்புத் தோட்டங்களைப் பிடுங்கவில்லை. ஏற்றுமதிக்கு வரி போட்டு அந்தப் பணத்தில் மக்கள் நலத் திட்டங்களை நடத்தினார்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம், அப்புறம் துணி ஆலைகள். தேர்தலில் குறைவாக வந்த சமூகங்களுக்கு எட்டு இடம் வரை ஒதுக்கி உள்ளே சேர்த்தார்கள். 1982 தேர்தலில் நாட்டின் முதல் பிரதமர் ராம்கூலம் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ராணுவத்தைக் கூப்பிடவில்லை, வாக்குச்சீட்டை எரிக்கவில்லை. பதவியை விட்டு இறங்கினார்.

ஒரு கோடு, பக்கத்தில் புதுப் பெயர், தேதி. எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நான் பேரேட்டுப் பைத்தியம் பிடித்தவன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பேரேட்டில் கடைசிப் பதிவு, தையல்காரர் பணத்தை எடுத்த நாள். அப்பா தொகையைத் தவறாக எழுதி, அடித்து, திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சங்கம் தன்னை ஓரங்கட்டிய பிறகு, வீட்டில் உட்கார்ந்து, எவரும் கேட்காத கணக்கை எழுதியிருக்கிறார்.

புத்தகப் பட்டியல் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். தனி மடலில் அனுப்புகிறேன். நண்பரிடம் காட்டாதீர்கள்.