வயிற்றில் இருக்கும் சிசுவுக்கே சிகிச்சை தர முடியும் என்று முதலில் காட்டிய மருத்துவர் யார்?

நியூசிலாந்தின் வில்லியம் லைலி (1929–1983). ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்.

அம்மாவின் ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ், சிசுவுடையது பாசிட்டிவ் என்றால், சில சமயம் அம்மாவின் எதிர்ப்புப் புரதங்கள் சிசுவின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிவப்பணுக்கள் உடையும்போது உருவாகும் மஞ்சள் பொருள் பிலிருபின்; பனிக்குட நீரில் அதை அளந்து நோயின் தீவிரத்தைக் கணிக்கும் வரைபடத்தை லைலி 1961இல் வெளியிட்டார். சரி, கணித்தாயிற்று. பிரசவத்துக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தால்?

1963இல் அதற்கும் வழி கண்டார். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போடும் காலமில்லை அது. எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைப் பனிக்குட நீரில் கலந்தார். சிசு அந்த நீரை விழுங்கும், சாயம் குடலுக்குப் போகும், படத்தில் வயிறு இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். (எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.) அந்த இடத்தைக் குறிவைத்து, அம்மாவின் வயிறு வழியே நீண்ட ஊசியை இறக்கி, சிசுவின் வயிற்றறைக்குள் ரத்தம் செலுத்தினார். அது மெல்ல உறிஞ்சப்பட்டு ரத்த ஓட்டத்தில் சேரும்.

முதல் மூன்று சிசுக்கள் பிழைக்கவில்லை. நான்காவது பிழைத்தது.

1973இல் சர் பட்டம் கிடைத்தது. அதற்குள், அம்மாவின் உடலில் அந்த எதிர்ப்புப் புரதங்கள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்து, இந்த நோயே குறையத் தொடங்கியிருந்தது.