அம்மாவுக்கு ‘கம்ப்யூட்டர் இதயம்’ செய்து பார்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. 15 வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் எழுந்து பூஜை அறைக்குப் போகும்போது இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். ஸ்கேன் சென்டரில் ஒருவர், “அம்மாவின் இதயத்தை அப்படியே கம்ப்யூட்டரில் உருவாக்கி, எந்த நரம்பில் கோளாறு என்று காட்டிவிடுவோம், 48,000 ரூபாய்” என்கிறார். செய்யலாமா? — வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். வீட்டில் பி.பி. மெஷின் இருக்கிறதா? காலையில் அம்மா கட்டிலில் 5 நிமிடம் படுத்திருக்கும்போது ஒரு முறை அளந்து, நாடித்துடிப்பையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழுந்ததும் பிரஷர் இறங்குகிறது என்று பாதி விடை கிடைத்துவிட்டது. பிரஷர் இறங்கியும் நாடித்துடிப்பு ஏறவே இல்லையென்றால், சர்க்கரை நரம்பையும் பாதித்திருக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு மொத்தம் 8 நிமிடம் போதும். தனியாகப் பில் போட முடியாது என்பதால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை. ஸ்வெட்டர் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, உட்கார்ந்த நிலையில் ஒரு முறை அளந்து சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விழுந்தது நிற்கும்போது, அளந்தது உட்காரும்போது! பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

நாடி விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, நரம்பு நன்றாக இருந்தாலும் நாடி சரியாக ஏறாமல் போகலாம். மருந்துப் பெயர் ‘லால்’ என்று முடிகிறதா பாருங்கள்: மெட்டோப்ரோலால், அட்டெனலால், பிசோப்ரோலால். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டுப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெல்மிசார்ட்டன் என்ற பிரஷர் மருந்தோடு மெட்டோப்ரோலாலும் ஒரே மாத்திரையில் வருகிறது, அதனால் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். கண் பிரஷருக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான். கண்ணில் விட்டது ரத்தத்தில் கலந்து இதயத்தை மெதுவாக்கும். கண் மருந்தை யாரும் இதய டாக்டரிடம் சொல்வதே இல்லை. இவற்றில் எது இருந்தாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி அந்தக் கம்ப்யூட்டர் இதயம். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளம் பிடிப்பதால்தான் ஓய்வில் 70 வாக்கில் நிற்கிறது. அறுவை சிகிச்சையில் பொருத்திய, நரம்பு அறுபட்ட மாற்று இதயம் ஓய்விலும் 90, 100 என்று ஓடுவது அதனால்தான். இதயச் செல்லின் துடிப்பை டெனிஸ் நோபிள் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1960-லேயே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அறிவியல் உண்மையானது. சிடி ஸ்கேன் படத்திலிருந்து அம்மாவின் இதய வடிவத்தையும் எடுக்கலாம். ஆனால் வேகஸ் எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பது எந்த சிடியிலும் தெரியாது. நிற்க வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி அம்மாவிடம் அளக்காவிட்டால், புத்தகத்தில் உள்ள சராசரி எண்ணைத்தான் போட முடியும். வடிவம் அம்மாவுடையது, நரம்பு யாருடையதோ.

இப்படிப்பட்ட இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒரே வாரத்தில் என் மேஜையில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் 28 வயது இளைஞர், மற்றவர் 70 வயதுப் பாட்டி. வண்ணப் படங்கள் வேறு வேறு. நரம்புப் பக்கத்தில் இருந்த எண்கள் மட்டும் தசமப் புள்ளிவரை ஒன்றே. பாட்டியின் மகன் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்களிடம் மருத்துவமனை வாசலில் “நம்ம ஊரா?” என்று தமிழில் பேச்சுக் கொடுப்பவர்களிடம் கவனமாக இருங்கள். பலருக்கு இதில் கமிஷன். டாக்டர் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே தடை, ஆனாலும் நடக்கிறது. “இன்றே கட்டினால் தள்ளுபடி” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். “அம்மாவிடம் எதை அளந்து இதில் போடுகிறீர்கள்? முடிவு எப்படி வந்தால் எந்த மருந்து மாறும்?” என்று கேளுங்கள். இந்தியாவில் இத்தகைய மென்பொருளும் மருத்துவக் கருவிதான். அரசு உரிம எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ரத்தக்குழாய் அடைப்புக்கு, சிடி ஆஞ்சியோ படத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் முறைக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி தந்தது. அது பயனுள்ளது, ஆனால் அம்மாவின் பிரச்சினை அதுவல்ல.

அளந்த சீட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், கண் மருந்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இதய மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஹோல்டர் (உடம்பில் மாட்டி நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவி) தேவையா, டில்ட் டேபிள் சோதனை (சாயும் மேஜையில் படுக்க வைத்து, நிமிர்த்தி பிரஷரையும் நாடியையும் பார்ப்பது) தேவையா என்று அவர் சொல்லட்டும். உட்கார்ந்திருக்கும்போதோ, படுத்திருக்கும்போதோ, மாடிப்படி ஏறும்போதோ மயங்கினால், அல்லது நெஞ்சு வலியோ படபடப்போ சேர்ந்து வந்தால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அதுவரை, அம்மா விழித்ததும் காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்கார்ந்து, பெரிய டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு பூஜை அறைக்குப் போகட்டும்.