வாசகர் கராஜ்: ஃபேசர்காரரின் கேள்விகள்

யமஹா ஃபேசர் மோட்டார் சைக்கிள் பற்றிய கடிதங்கள் சேர்ந்துவிட்டதால் இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே. 2009 இல் இந்தியாவில் வெளியான 153 சிசி கார்பரேற்றர் வண்டி, 2014 இல் வந்த 149 சிசி இன்ஜெக்ஷன் (மின் பம்பால் பெற்றோலைப் பீச்சும்) வண்டி ஆகிய இரண்டையும் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: யமஹா எஃப்.இசெட் வாங்கத் தேடினேன். அதைவிடக் குறைந்த விலைக்கு ஒரு கார்பரேற்றர் ஃபேசர் இருக்கிறது. "அது ஒருத்தரும் கேக்காத மொடல், பிறகு விக்க ஏலாது" என்று வீட்டில் மறிக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: வாங்கலாம். ஆனால் எஃப்.இசெட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்து வாங்கக்கூடாது. இரண்டிலும் எஞ்சின் ஒன்றே: 58 மில்லிமீற்றர் போர், 57.9 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 7500 சுற்றில் 14 குதிரைவலு. கிளச் பிளேற், பிஸ்டன், கேபிள், பிறேக் பாட், செயின் எல்லாம் எஃப்.இசெட்டுக்கு உள்ளவையே பொருந்தும். அவை யாழ்ப்பாணத்து உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதது ஃபேசருக்கு மட்டுமே உரிய முன் உடுப்பு: அரைப் பெயறிங் (முன்பக்கப் பிளாஸ்ரிக் மூடி), இரட்டை லைற், வைசர், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம். எஞ்சின் புகைத்தால் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து) புதுப் பிஸ்டன் போடலாம். பெயறிங் உடைந்தால் கொழும்பிலும் அலைய வேண்டிவரும்.

ஆகவே முதலில் முன்பக்கம். குனிந்து பெயறிங்குக்கு உள்ளே ரோச் அடித்துச் சட்டத்தைப் பாருங்கள். வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ற்றோ இருந்தால் வண்டி முன்பக்கமாக அடிபட்டிருக்கிறது. பின்னேரம் ஒரு மதிலுக்கு 5 மீற்றர் முன்னால் நிறுத்தி லைற்றைப் போடுங்கள். வலது, இடது வெளிச்சம் வேறு வேறு உயரத்தில் விழுந்தால் சட்டம் வளைந்திருக்கலாம், அல்லது லைற்றின் காது உடைந்திருக்கலாம். பெயறிங்கைக் கையால் மெல்ல ஆட்டும்போது கடகடத்தால், துளைகளுக்குள் இருக்கவேண்டிய றப்பர் வளையங்கள் இல்லை. அது சின்னச் செலவுதான்.

அடுத்தது முன் சில்லைத் தாங்கும் போர்க். மண்ணைத் துடைத்துவிட்டு, போர்க்கின் குரோம் குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். நகம் எங்காவது தடக்கினால் உப்பு அரித்த குழி இருக்கிறது. அந்தக் குழாயோடு எத்தனை தரம் ஒயில் சீல் மாற்றினாலும் சீலின் உதட்டைக் குழி கிழித்துவிடும், திரும்ப ஒழுகும். தீவுப் பக்கம் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். நடுத் தாங்கியில் ஏற்றி, முன் சில்லு நிலத்தில் படாமல் ஒருவர் பின்னால் அமுக்க, ஹாண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் "டக்" என்று ஒரு பள்ளத்தில் இருப்பதுபோல நின்றால் கோன்செற் (ஹாண்டில் தலைக்குள் இருக்கும் குண்டுகள்) முடிந்துவிட்டது.

கடைசியாகத்தான் எஞ்சின். அதுவும் குளிர்ந்த நிலையில் ஸ்ரார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்னரே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு எழும்புங்கள்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நேரில் ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமல் நாலு கைமாறிய ஓபன் பேப்பர் வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலையைக் காட்டி இன்னும் கேட்பவர்கள் உண்டு. விலை பேசும்போது ரயர், செயின் செற், பிளாஸ்ரிக் ஆகியவற்றின் செலவைக் கழித்துப் பேசுங்கள். விற்க ஏலாது என்ற பேச்சுத்தான் உங்களுக்கு அந்த வண்டியை மலிவாகத் தருகிறது.

கேள்வி: கார்பரேற்றரா, இன்ஜெக்ஷனா நல்லது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: தினமும் ஓடுபவருக்கு இன்ஜெக்ஷன். 149 சிசியாகக் குறைந்து வலுவும் சற்றுக் குறைந்தாலும், எடை 141 இலிருந்து 137 கிலோவாக இறங்கியதால் பட்டினத்து ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பெற்றோலும் மிஞ்சும். ஆனால் பற்றரி செத்தால் தள்ளி ஸ்ரார்ட் செய்வதும் சந்தேகமே. பெற்றோல் பம்ப் ஓடவே மின் வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஓடுபவர் ஆகியோருக்குக் கார்பரேற்றரே தலையிடி குறைந்தது. எங்கள் விருப்பத்தைக் கேட்டால், நீண்ட தூரத்துக்கு 153.

கேள்வி: என் 153 சிசி வண்டி 4000 சுற்றுக்கு மேல் இழுக்குதில்லை. முறுக்க முறுக்கத் திணறுகிறது. பிளக், எயார் பில்ரர் மாற்றியாயிற்று. கராஜில் போர் அடிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பொறுங்கள், போர் அடிக்க வேண்டாம். இந்தக் கார்பரேற்றரில் அக்சிலேற்றர் கேபிள், காற்று வழியைத் திறக்கும் சிலைட்டை நேரடியாகத் தூக்குவதில்லை. மேல் மூடிக்குள் இருக்கும் மெல்லிய றப்பர் டயபிரம், எஞ்சினின் உறிஞ்சலால் சிலைட்டைத் தூக்குகிறது. டயபிரத்தில் ஊசித்துளை விழுந்தாலும் சிலைட் பாதியில் நிற்கும். குறைந்த சுற்றில் வண்டி ஒழுங்காக ஓடும், பிறகு திணறும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான்.

சோதிக்க, எயார் பில்ரர் குழாயைக் கழற்றி, கார்பரேற்றரின் வாயினூடாகச் சிலைட்டை ஒரு விரலால் மேலே தள்ளி விடுங்கள். மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். "டொக்" என்று விழுந்தால் டயபிரம் ஓட்டை, அல்லது அதன் விளிம்பு குழிக்குள் சரியாக உட்காரவில்லை. மேல் மூடியைக் கழற்றும்போது ஸ்பிறிங் துள்ளும், கவனம். டயபிரத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடிப்புகளை விரித்து விரித்துப் பாருங்கள். துளை மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சொலூஷன் பூசி ஒட்டுவது ஒரு கிழமைக்கும் நில்லாது. புதிது போடுங்கள்.

இன்னொன்று. பல கராஜ்களில் கார்பரேற்றர் கிளீனரை மூடியோடு சேர்த்து அடிப்பார்கள். அந்தத் திரவம் பட்டால் றப்பர் ஊதிப் பெருத்துவிடும். ஸ்பிறே அடிக்க முன் டயபிரத்தைக் கழற்றி வெளியே வையுங்கள். பக்கத்தில் மூன்று வயர் போகும் சின்னக் கறுப்புச் சென்சரின் திருகாணியைத் தொடவே வேண்டாம்.

சொக் இழுத்தால் மட்டும் ஸ்ரார்ட் ஆகி, விட்டதும் நின்றால் அது வேறு கதை: பைலற் ஜெற் (குறைந்த சுற்றில் பெற்றோல் விடும் சின்னத் துளை) அடைப்பு. 2022 தட்டுப்பாட்டில் கலனில் சேமித்த பெற்றோலை ஊற்றி அப்படியே நிறுத்திய வண்டிகளில் இது அதிகம். பழைய பெற்றோல் வற்றும்போது கோந்துபோல ஜெற்றில் ஒட்டும். ஜெற்றைக் கழற்றி ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும்.

கேள்வி: பின் ரயர் 140/60 ஆர் 17 விலை கூட. 130/70 போடலாமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: றிம்மில் இருக்கும், ஓடவும் செய்யும். கணக்கு இது: 140/60 இன் பக்க உயரம் 140 மில்லிமீற்றர் அகலத்தின் 60 வீதம், அதாவது 84 மில்லிமீற்றர், 130/70 இன் பக்க உயரம் 91. முழு விட்டத்தில் 14 மில்லிமீற்றர் கூடும், பின்பக்கம் 7 மில்லிமீற்றர் உயரும். கியர் சற்று நீளமானதுபோல இருக்கும், நெடுஞ்சாலையில் அது நல்லதுதான். பின்னால் ஆள் இருத்தி, பள்ளத்தில் அமுங்கும்போது ரயர் மட்கார்டில் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். மலிவு என்பதற்காக 120க்கு இறங்க வேண்டாம். அகலமான றிம்மில் ரயர் விரிந்து தட்டையாகி, வளைவில் வண்டி திடீரென்று விழுவதுபோலச் சரியும். காற்று முன் 28, பின் 33 பி.எஸ்.ஐ. பெற்றோல் ஷெட் அளவியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு (தென்மேற்குக் காற்றுக்கு) வண்டி பக்கவாட்டில் தள்ளுகிறது. பெயறிங்கைக் கழற்றிவிட்டு எஃப்.இசெட் லைற் போட்டால் சரியாகுமா?
– வாசகர், பூநகரி

பதில்: சரியாகாது. ஃபேசரின் பெயறிங் செசியோடு பிடித்தது, ஹாண்டிலோடு திரும்புவதில்லை. அதில் படும் காற்று ஹாண்டிலை நேரடியாகத் திருப்பாது. ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கும் உங்கள் கைதான் திருப்புகிறது: காற்று உடம்பைத் தள்ள, உடம்பு கையைத் தள்ள, கை ஹாண்டிலைத் தள்ளும். முழங்காலால் ராங்கியை இறுக்கி, முழங்கையை மடித்து, பிடியைத் தளர்த்துங்கள். பூநகரிப் பக்கம் போகும்போது சோளகம் வலப்பக்கத்தால் வரும். அதனால் வீதியின் இடது கரையை ஒட்டி ஓடாமல் உங்கள் பாதியின் நடுவில் 50க்குள் ஓடுங்கள். எதிரே பஸ் கடக்கும் கணத்தில் காற்று மறைந்து மறுகணம் அறையும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். பின்னால் பெரிய பெட்டி பூட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். குற்றவாளி பெரும்பாலும் அதுவே.

பெயறிங்கைக் கழற்றுவது பற்றி ஒன்று. கழற்றியபின் அது ஃபேசரும் இல்லை, எஃப்.இசெட்டும் இல்லை. வயறிங்கை வெட்டி ஒட்டிய ஒரு வண்டி. விலையும் போய்விடும்.

கேள்வி: ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலத்தால் தினமும் வேலைக்கு வருகிறேன். துரு தாங்க ஏலவில்லை. தினமும் கழுவினாலும் பெயறிங்கிலும் லைற்றிலும் வெள்ளைப் புள்ளி விழுகிறது.
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: துரு கடலால், வெள்ளைப் புள்ளி உங்கள் கிணற்றால். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்பை விட்டுப் போகும். தினமும் கழுவத் தேவையில்லை, கிழமைக்கு இரண்டு தரம் போதும். வெயில் இறங்கியபின் கழுவி, காய விடாமல் உடனே துணியால் துடையுங்கள். விழுந்த புள்ளிக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரால் அலம்புங்கள். சேவிஸ் நிலையத்துப் பிறெஷர் கன்னை (தண்ணீரை வேகமாகப் பீச்சும் குழாயை) சில்லு சுழலும் பெயாரிங், ஹாண்டில் தலை, வயர் கப்ளர் பக்கம் காட்ட விடாதீர்கள். உப்பை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே ஏற்றிவிடும்.

உப்பு முதலில் பிடிப்பது முன் பிறேக் கலிப்பரின் வழுக்குப் பின்களை. அந்தப் பின்கள் இறுகினால் ஒரு பக்கப் பாட் தேய்ந்துபோக மற்றது புதிதாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் கழற்றித் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊதச் செய்யும். செயினுக்குக் கழிவு ஒயில் பூசும் வழக்கத்தை விடுங்கள். அது செம்மண்ணையும் மணலையும் பிடித்து அரைக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்தபின் கியர் ஒயிலை உட்பக்க உருளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துடையுங்கள். தொய்வு 25 முதல் 30 மில்லிமீற்றர்.

கேள்வி: சூடானபின் நியூட்ரல் விழ மறுக்கிறது. கியர் பெட்டி பழுதா?
– வாசகர், கோப்பாய்

பதில்: இல்லை, கிளச் முழுதாக விடுவிக்கவில்லை. லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் விளையாட்டு இருக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். சரிவராவிட்டால் ஒயிலை மாற்றுங்கள்: 20டபிள்யு 40, ஜாசோ எம்.ஏ. (மோட்டார் சைக்கிள் ஒயிலின் தரக்குறி) என்று எழுதியது, ஒரு லீற்றர் அளவு. கார் ஒயில் ஊற்ற வேண்டாம், கிளச் வழுக்கும்.

கேள்வி: மனைவியோடு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை போக எண்ணம். 150 சிசி தாங்குமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: தாராளமாக. ஏறக்குறைய 240 கிலோமீற்றர். ஊருக்கு வெளியே சட்ட வேகம் 70, அந்த வேகத்தில் இந்த எஞ்சின் பாதி மூச்சில் ஓடும். 12 லீற்றர் ராங்கிக்கு ஒருதரம் நிரப்பினாலே போய்ச் சேரலாம், ஆனாலும் வவுனியாவில் திரும்ப நிரப்புங்கள். 92 ஒக்ரேன் போதும், 95 இல் பயனில்லை. பக்கப் பைகள் தொங்குவதாயின் வலப்பக்கப் பை சைலன்சரில் படாமல் இழுத்துக் கட்டுங்கள். துணிப்பை பள்ளத்தில் குதித்துக் கீழே இறங்கி எரிந்துவிடும். புறப்பட்டு ஏறக்குறைய 60 கிலோமீற்றரில், பரந்தனைத் தாண்டியதும் நிறுத்தி, செயினையும் பைக் கட்டையும் ஒருதரம் பாருங்கள். புதிதாகக் கட்டியது தளர்வது அதற்குள்தான். வவுனியாவுக்கு அப்பால் யானை கடக்கும் வீதி. வெளிச்சம் இருக்கும்போதே திருகோணமலைக்குள் இறங்கும்படி விடிய ஐந்துக்கு வெளிக்கிடுங்கள்.