ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் விடை

கேள்வி: அழிந்துபோன கடல்வாழ் மெல்லுடலியான அம்மோனைட்டின் சுருள் ஓடுகளே பெரும்பாலும் புதைபடிவங்களாகக் கிடைக்கும்போது, அது நீரில் மிதந்து வாழ்ந்தது என்று எவ்வாறு சொல்கிறார்கள்?

பதில்: ஓட்டை அறுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். உட்புறம் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிந்திருக்கும். விலங்கு, வாய்ப்புறத்திலுள்ள கடைசி அறையில் மட்டுமே வசித்தது. வளர வளர அது விட்டுவந்த பழைய அறைகளிலிருந்த நீரை, அவற்றினூடே செல்லும் மெல்லிய குழாய் உறிஞ்சிக்கொள்ள, அங்கே வாயு நிறைந்து ஓட்டின் கனத்தை ஈடுசெய்தது. இன்றும் கடலில் வாழும், சுருள் ஓடுடைய நாட்டிலஸ் என்ற மெல்லுடலியில் இதே அமைப்பைக் காண்கிறோம். ஆனால், தோற்றத்தை நம்பிவிடக் கூடாது: அம்மோனைட்டு, நாட்டிலஸைவிடக் கணவாய்க்கே நெருங்கிய உறவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த இத்தொகுதியில், 1895-இல் ஜெர்மனியில் கிடைத்த ஓடு ஒன்று ஏறக்குறைய 1.8 மீட்டர் குறுக்களவு கொண்டது.