கேளுங்கள், சொல்கிறேன்

கே: வானொலி விவரணம் செய்ய ஸ்டூடியோ வேண்டாமா? (வாசகி, தேனி)

ப: வேண்டவே வேண்டாம். 1993-ல் டேவிட் ஐசே என்ற தனித் தயாரிப்பாளர், சிகாகோவின் தென்பகுதியில் 13 வயது லீஆலன் ஜோன்ஸ், 14 வயது லாய்ட் நியூமன் இருவரிடமும் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டார். வீடு, தெரு, பள்ளிக்கூடம் என்று பத்து நாள் பதிவு. அதுதான் 'கெட்டோ லைஃப் 101' என்ற வானொலி விவரணம். லீஆலன் தன் பாட்டியையே பேட்டி எடுத்தான். வெளியாள் மைக்கை நீட்டினால் பாட்டி பேரனிடம் பேசுவதுபோலவா பேசுவார்?

என் அப்பத்தாவின் குரல் எங்களிடம் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த ஏக்கம் இன்னும் தீரவில்லை. உங்கள் ஆச்சியிடம் இன்றைக்கே உட்காருங்கள். செல்போன் போதும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.