ஓக்லாந்தின் கண்காணிப்புக் கருவிச் சட்டம் என்ன சொல்கிறது?

போலீஸோ வேறு நகரத் துறையோ டிரோன், வண்டி எண் படிக்கும் கேமரா போன்றவற்றை வாங்குவதற்கு முன் நகர்மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து நகரம் 2018இல் இதைச் சட்டமாக்கியது.

சட்டம் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு: துறைமுகப் பாதுகாப்புக்கென மத்திய அரசுப் பணத்தில் தொடங்கிய கண்காணிப்பு மையத்தை ஓக்லாந்து நகர நிர்வாகம் ஊர் முழுக்க விரிக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2014இல் அது துறைமுகத்தோடு நின்றது. சும்மா வரும் பணத்தை யார் கேள்வி கேட்பார்கள்? அதனால்தான் இத்தகைய கருவிகளுக்கு வரும் மானியத்தை ஏற்பதற்கே இப்போது அனுமதி வேண்டும்.

துறை முதலில் பாதிப்பு அறிக்கையும் பயன்பாட்டு விதிகளும் எழுதித் தர வேண்டும்: யார் பார்க்கலாம், பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம், யாரோடு பகிரலாம். 9 பேர் கொண்ட தனியுரிமை ஆலோசனைக் குழு அவற்றை அலசிப் பரிந்துரைக்கும்; முடிவு நகர்மன்றத்தின் கையில். பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

அடுக்குமாடியில் செயலாளர் லிஃப்டுக்குள் கேமரா வைக்கப்போகிறார் என்றால், “பதிவு யார் போனில் ஓடும்?” என்று குடியிருப்போர் முன்கூட்டியே கேட்பதில்லையா, அதேதான்.

இந்தச் சட்டத்தைக் கேமராத் தடை என்று நினைத்துவிடலாம்; அப்படியல்ல. அனுமதி கிடைத்தால் கேமரா வைக்கலாம், அதோடு இது நகரத் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தும், மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயை அல்ல.